வால் நறுக்கும் பிளேயர்

மேடம், உங்கள் கணினியில் எந்த வீடியோவைத் தட்டினாலும் வேறொரு பிளேயரின் பெட்டி முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. நான் உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன். நீங்களும் மூடிக்கொண்டே இருக்கிறீர்கள். மூடினால் போகாது.

எப்போதோ இலவசமாக எதையோ இறக்கியிருப்பீர்கள். 'அடுத்து, அடுத்து' என்று தட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். இனி பாட்டு, படம், பேச்சு எல்லாவற்றையும் நானே ஓட்டுகிறேன், சம்மதமா என்று கேட்டிருக்கும். படிக்காமலே சம்மதித்திருப்பீர்கள். அன்று முதல் பிரவுசர் பெயருக்குத்தான் உங்களுடையது.

அதை வெளியேற்றுவதுதான் என் தொழில். சாவி செய்பவர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே என் கடை. பிரவுசரில் ஒட்டிக்கொண்ட துணுக்கை எடுக்க வேண்டும். கணினிக்குள் குடியேறிய பிளேயரை நீக்க வேண்டும். எந்த ஃபைலை எது திறப்பது என்பதைப் பழையபடி மாற்ற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஒரு ஏவலாள் உள்ளே ஒளிந்திருப்பான். கணினி கண் விழிக்கும் போதெல்லாம் அதைத் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைப்பது அவன்தான். அவனையும் பிடித்தால்தான் வேலை முடிந்தது.

என் தங்கையின் கணினியில் அந்த ஏவலாளை நான் விட்டுவைத்தேன். மறந்துபோய் அல்ல.

அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவள் பள்ளிச் சீருடையில் நின்றாள். 'இனிமே எனக்கு யாரு?' என்று கேட்டாள். 'நான்' என்றேன். கொடுத்த வாக்கை இன்றுவரை மீறியதில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். அவளைக் கேட்டு வந்தவர்களையும் நானே திருப்பி அனுப்பினேன். அது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

அவள் மருத்துவமனைக்கு டைப் அடிப்பவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அது பிரவுசரில் வரும். அவள் வீட்டிலேயே ஹெட்போனில் கேட்டு அடித்து அனுப்புவாள். டாக்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு மேடம். நடுவில் எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டால் பதிவைத் திரும்ப ஓட்டி அழிக்க மாட்டார்கள். பேசிக்கொண்டே போய், கடைசியில், 'மேலே சொன்னதுல அதை எடுத்துட்டு இதைப் போட்டுக்கோம்மா' என்பார்கள். அதனால் டைப் அடிப்பவர்களுக்குப் பதிவின் வால்தான் உயிர்.

போன மழைக்காலத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, எதைத் தட்டினாலும் ஒரு சனியன் வந்து குதிக்குது. கொஞ்சம் பாரேன்.”

“ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பாத்துட்டு வர்றேன். வீட்டுலயும் ஒரு நோயாளியா?”

“ரொம்பப் பிகு பண்ணாதக்கா. பாரு.”

பார்த்தேன். வழக்கமான ரகம்தான். விளம்பரம் காட்டும் அவசரத்தில் ஒவ்வொரு பதிவின் வாலையும் நறுக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவியது. கீழே ஓடும் கோடு மட்டும் முழுசாக ஓடி முடிந்ததாகக் காட்டியது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பின்னால் நின்று சொன்னாள். தலைமை மருத்துவமனையில் மேற்பார்வையாளர் வேலை காலியாம். வேறு ஊர். அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார்களாம். சொன்னது யார் என்று கேட்டேன். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கும் ஒருவன். தடித்த கண்ணாடி போட்டிருப்பான். நான் அவனைக் கண்ணாடி என்றே சொல்வேன்.

“அவனுக்கு எதுக்குடி உன் மேல இவ்வளவு அக்கறை?”

“நல்லவர்க்கா.”

நல்லவர். அந்தச் சொல்லை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தன் காரணமில்லாமல் நல்லவனாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இலவசமாக வரும் எதையும் சந்தேகப்பட வேண்டும் என்று என் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

ஆகவே பிளேயரின் முகத்தை மட்டும் அன்று எடுத்தேன். விளம்பரம் போயிற்று. பெட்டி குதிப்பது நின்றது. பார்வைக்குப் பழைய பிரவுசர்தான். ஏவலாள் உள்ளேயே இருந்தான், நறுக்குவது மட்டும் நடந்துகொண்டிருந்தது. நான் எதையும் செய்யவில்லை மேடம், செய்ய வேண்டியதில் கொஞ்சம் மிச்சம் வைத்தேன், அவ்வளவுதான்.

மருத்துவமனையிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. முடிவுப் பகுதி விடுபட்டிருக்கிறது என்றார்கள். அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஒன்றும் இருக்காது.

“டாக்டருங்க எல்லாம் பேச்சைப் பாதியில விட்டுட்டு ஓடுறாங்களாக்கா?”

“அவங்களுக்கு ஏதுடி நேரம்? உனக்குத்தான் காது அடைச்சிருக்கும்.”

காது டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். சோதித்துவிட்டுக் காதில் குறையே இல்லை என்றார். திரும்பி வரும்போது பேருந்தில், “மெஷின் சொல்றதைத்தான் இவங்க சொல்றாங்க. குறை காதுல இல்லாம மனசுல இருந்தா மெஷின் என்ன பண்ணும்?” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோளில் சாய்த்துக்கொண்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்படிச் சாய்ந்தாள்.

கண்ணாடி சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து அவள் கணினியை மொத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“நீங்க பாத்தும் இது போகலையே, அதான் ஆச்சரியமா இருக்குக்கா. யாரோ கதவைத் திறந்து விடுற மாதிரி இருக்கு.”

“புதுசா வீட்டுக்குள்ள வந்து போறவங்களைத்தான் தம்பி முதல்ல சந்தேகப்படணும்.”

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு தங்கையிடம், “துடைக்கிறேன்னு சொல்லி உன் படம், கடிதம் எல்லாத்தையும் பாத்திருப்பான்டி” என்றேன். அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆனால் புகார்கள் நின்றுவிட்டன. அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே புது ஊருக்குக் கொண்டுபோக என்னென்ன வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

பிளேயரைத் திரும்ப ஏற்றினேன். ஆமாம், இந்த முறை நானேதான். கடையில் மாதிரிக்கு ஒன்று வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. ஒரு பேருந்து ஓட்டுநரை வேறு மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள். கூடவே போக வேண்டிய கடிதத்தை அவள் அடித்து முடித்திருந்தாள். அனுப்பாமல் என்னைக் கூப்பிட்டாள். புகார்கள் மறுபடி தொடங்கியிருந்தன, பாவம், பயந்துபோயிருந்தாள்.

“அக்கா, நீயும் ஒரு தடவை கேட்டுச் சொல்லேன். என் காது மேல எனக்கே நம்பிக்கை போச்சு.”

என் மடிக்கணினியில் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அதில் பிளேயர் கிடையாது, வால் முழுசாக இருந்தது. டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: 'மேலே ஒரு ஊசி மருந்து சொன்னேன் பாரு, அதை எடுத்துடும்மா. இவருக்கு அது ஆகாது. போன தடவை போட்டப்போ மூச்சே நின்னுபோச்சு. மறக்காம எடுத்துடு.'

தெளிவான குரல். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

நான் யோசித்ததைச் சொல்கிறேன். எடுக்கச் சொன்னால், 'எனக்கு ஏன் அது கேக்கலை?' என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்வி கண்ணாடியிடம் போகும். அவன் மறுபடி வருவான். இந்தப் பக்கம், டாக்டர் கையெழுத்துப் போடும்போது படிப்பார், அங்கே நர்ஸ் ஒருமுறை கேட்பார். தடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் தங்கைக்கு நான் ஒருத்திதான்.

“சரியா இருக்குக்கா?”

“எல்லாம் சரியா இருக்குடி. அனுப்பு.”

அனுப்பினாள். 'அப்பாடா' என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினாள். இருவரும் சாப்பிட்டோம். டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அங்கே கடிதத்தில் இருந்த ஊசியைப் போட்டார்கள். ஓட்டுநருடைய மனைவியை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நானும் வருத்தப்பட்டிருப்பேன்.

விசாரணையில் மூலப் பதிவை எல்லோர் முன்னாலும் ஓட்டினார்கள். வால் ஒலித்தபோது தங்கை திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சியில் சிலருக்கு அப்படித்தான், பேச்சு வராது.

அவள் கணினியில் பிளேயரைக் கண்டுபிடித்தீர்கள். கண்ணாடி துடைத்த தேதிக்குப் பிறகு ஏறியது என்றும் கண்டுபிடித்தீர்கள். இனி அவளைத்தான் கேட்பீர்கள் என்று தெரிந்ததும் அவன் ஓடிவந்து, 'நான்தான் தவறுதலாக ஏற்றிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைச் சாட்சியாகத்தான் வரச் சொன்னீர்கள். இவ்வளவும் நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் அவளுக்காகச் சிறை போனவன் என்ற பெயர் அவனுக்குப் போவதை என்னால் ஏற்க முடியாது. அவளுக்காக எல்லாவற்றையும் செய்தவள் நான். விட்டுவைத்தது நான், ஏற்றியது நான், கேட்டுவிட்டு அனுப்பச் சொன்னதும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவனை அனுப்பிவிடுங்கள். அவனுக்கு இங்கே வேலை இல்லை.

தங்கை வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதாக உங்கள் காவலர் சொன்னார். நான் வெளியே வருவதற்காகத்தான் காத்திருக்கிறாள். எனக்கு மாற்று உடை கொண்டுவந்திருப்பாள். பையைப் பிரித்துப் பார்த்தபோது ஆண்கள் சட்டை ஒன்றும் கண்ணாடிக் கூடு ஒன்றும் இருந்தன என்கிறார். அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருப்பாள், மேடம். நான் பக்கத்தில் இல்லையென்றால் அவளுக்கு எதையும் சரியாகச் செய்யத் தெரியாது.