பற்பசை பட்ட தாலர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் திரு. ஓல்ட்ரிக் அவர்களே, யாக்கிமோவ் நாணயச் சங்கத்தாரே, பணிமனையிலிருந்து சீருடையோடு வந்திருக்கும் பேருந்து ஓட்டுநர்களே, வணக்கம்.

"ரெண்டே நிமிஷம் வெண்டுலா, கிண்டல் கூடாது" என்று தலைவர் வாசலிலேயே என்னை எச்சரித்தார். கிண்டலுக்குத் தெம்பில்லை, தலைவரே. வாயாடிக்கு வாயே வலிக்கிறது.

போஹுமீர் சிக்கோரா மறைந்துவிட்டார். அழைப்பிதழில் அவரை 'முன்னாள் செயலாளர்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 'முன்னாள்' என்னால் வந்தது. அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

யார் அவர்? காலையில் பேருந்து ஓட்டி, மாலையில் நம் நாணய அலமாரிக்குப் பெயர்ச்சீட்டு எழுதியவர்! முப்பது ஆண்டுகள்! "ராஜா தலையை மட்டுந்தான் போட்டான். பேரு வெச்சது சந்தைக்காரன்" என்பார். தடியாக இருந்தது குரோஷன். பூப் போட்டது ஃபுளோரின். சிலுவை போட்டது குரோய்ட்சர். 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. நம் ஊரின் ஜெர்மன் பெயர் யோக்கிம்ஸ்தால்; இங்கே அடித்த வெள்ளிக் காசுக்கு அந்த ஊர்ப்பெயரே பெயர். நீளமாக இருந்ததால் முன்பாதியை வெட்டித் தாலர் என்றார்கள். அதுவே கடல் தாண்டி டாலர் ஆனது. நம் நிறுத்தம் வந்ததும் அவர் ஒலிபெருக்கியில் கத்துவாரே, கேட்டதில்லையா? "டாலரோட பொறந்த வீடு வந்தாச்சு! சில்லறை இல்லாதவங்களும் எறங்கலாம்!"

இனிமேல்தான் கஷ்டம்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், கண்காட்சிக்கு முதல் நாள், அவர் சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்தேன். நம்மிடம் இருந்த ஒரே அசல் தாலர் கறுத்துக் கிடந்தது. பல் விளக்கிவிட்டால் உங்கள் எல்லோர் கண்ணும் கூசுமே என்று நினைத்தேன். பற்பசை போட்டுத் தேய்த்தேன். வயதுக்குச் சாட்சியாக ஐந்நூறு வருடம் படிந்த கருமையை ஐந்தே நிமிடத்தில் அழித்தேன். பழைய வெள்ளியைத் தேய்ப்பதைவிடப் பெரிய பாவம் நம் சங்கத்தில் உண்டா?

மறுநாள் அலமாரியைத் திறந்ததும் எல்லோரும் தாலரைச் சுற்றிக் கூடிவிட்டீர்கள். சிக்கோரா என்னைப் பார்த்தார். என் சட்டைக் கைநுனியில் பற்பசையின் வெள்ளைக் கறை. "நாந்தான் தேய்ச்சேன்" என்றார். சாவி எப்போதும் அவரிடமே இருந்ததால் நம்பினீர்கள். பதவியைப் பறித்தீர்கள்.

வெளியே ஓடிப்போய்க் கேட்டேன்: "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"உன்னைத் தொரத்திடுவாங்க, வாலு. எனக்கென்ன, பஸ் இருக்கு."

"எத்தனை நாளைக்கு மறைக்கிறது?"

"திரும்பக் கறுக்கட்டும், சொல்லிக்கலாம். ஒரு எண்பது வருஷம் ஆகும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டினேனே! ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருவராவது அவரிடம் ஒரு காசின் பெயர் கேட்டீர்களா? நானாவது எழுந்து சொன்னேனா? அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாம். இப்போது சொல்வது அவர் காதுக்கு இல்லை. தெரிந்தேதான் சொல்கிறேன்.

தலைவரே, இருநூறு காசுகளுக்கு இன்னும் சீட்டு எழுதவில்லை. எழுதி முடிப்பேன். உள்ளே விட்டால் உள்ளே உட்கார்ந்து, விடாவிட்டால் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து. சங்கக் குறிப்பேட்டை இப்போதே திறக்கச் சொல்கிறேன். முதலில் 'செயலாளர் போஹுமீர் சிக்கோரா' என்று எழுதுங்கள். மை காயட்டும். அதற்குப் பிறகு உறுப்பினர் பட்டியலில் என் பெயரை அடித்துவிடுங்கள்.