டாக்டரின் ஆறாவது கேள்வி

— ‘லோஷினி இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை’ன்னு எழுதிட்டேன். அனுப்பவா?

— பொறு லா, ஷர்மினி. அதுக்குள்ள டாக்டருக்கு எழுதணுமா? நானே நாலு வயசுலதான் பேசுனேன்னு எங்கக்கா சொல்லுது.

— உங்கக்கா என்ன குழந்தை டாக்டரா? நம்ம பிள்ளைக்கு ரெண்டு வயசு நாலு மாசம். டாக்டர் செல்வராணி கேட்டிருக்கற ஆறாவது கேள்வியப் பாருங்க. ‘ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுமா?’ நான் முட்டை போட்டிருக்கேன். டிகிரி வரைக்கும் படிச்சு நான் போட்ட முதல் முட்டை!

— கோவப்படாத. நீ ஆபிஸ் போயிடற. நான் பாசிர் கூடாங்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்துடறேன். பகல் பூரா பிள்ளை இருக்கறது பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் நோர்கிட்ட. அவங்களக் கேட்டியா?

— கேக்கல.

— டிகிரி!

— சும்மா இருங்க. இதோ, மெசேஜ் போட்டாச்சு… அட, வீடியோவே அனுப்பிட்டாங்க!

— போடு, போடு!

— ஐயோ, பூனையத் தொரத்துறா பாருங்க!

— ஏய், என்னமோ சொல்றா! சத்தத்தக் கூட்டு!

— ‘கூச்சிங் ஜாத்தோ!’

— அலமாக்! பூனை விழுந்துருச்சாம்! மலாய்ல பேசுறா, ஷர்மினி!

— ரெண்டு வார்த்தை! கூச்சிங் ஒண்ணு, ஜாத்தோ ரெண்டு! சேர்த்துச் சொல்லிட்டா என் தங்கம்!

— இன்னொரு தடவை போடு! அங்க பாரு, பிஸ்கட் இன்னும் வேணுமாம். அதட்டிக் கேக்குது, அப்படியே உன்ன மாதிரி!

— முட்டைய அழிக்கிறேன்! மலாய்ல பேசுனா என்ன, பேச்சு பேச்சுதானே?

— ஏய், அழுவுறியா?

— இல்ல, கோவம். அங்க இந்தப் பேச்சுப் பேசறவ நம்ம வீட்டுல மட்டும் ஏன் ஊமையா இருக்கா?

— அதையும் காக் நோரையே கேளு.

— கேட்டுட்டேன்… எழுதறாங்க… ‘தினம் சாயங்காலம் கொண்டாந்து விடறப்ப உங்க வீட்டு கேட்டு வரைக்கும் ஓயாமப் பேசிக்கிட்டே வருவா. வாசல்ல அவங்கப்பா பூட்ஸப் பார்த்துட்டா போச்சு. உதட்டுல விரல வச்சுக்குவா. என்னையும் பேச விடமாட்டா.’

— என் பூட்ஸப் பார்த்தா? ஏன்?

— நான் பழக்கினதுங்க. நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து தினம் அதத்தானே சொல்றேன். ‘ஷ்ஷ்… அப்பா தூங்குறாரு.’

— ஷர்மினி… கடுதாசிய அனுப்பு. கேள்விய மட்டும் மாத்திடு. ‘நைட் ஷிப்ட் போற அப்பன்கிட்ட பிள்ளை எந்த நேரத்துல பேசலாம், டாக்டர்?’