கண்டதைப் போட்ட சோறு

பாயேயாவில் வெங்காயம் சேர்க்கக் கூடாது என்பது ஆறு வருஷம் முன்பு எனக்குத் தெரியாது.

முப்பத்தினாலு வருஷம் நார்வே சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன் நான். இருபத்தெட்டு பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டிருக்கிறேன். ஸ்பெயினில் வலென்சியாவுக்குப் பக்கத்தில், ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே வீடு வாங்கி வந்ததும், பாயேயா என்கிற இந்த ஊர்ச் சோற்றை நானே ஆக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். அகலமான இரும்புத் தட்டு, விறகடுப்பு, முயல் கறி, அவரைக்காய். கூடவே இரண்டு வெங்காயம், கொஞ்சம் தொத்திறைச்சி.

பக்கத்துத் தோப்புக்காரர் பதீஸ்தே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பாரோ, சீக்கிரம் வாயேன். இந்த மனுஷன் வெங்காயம் போடறாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம், "கப்பல்காரரே, இதுக்குப் பேரு பாயேயா இல்ல. கண்டதப் போட்ட சோறு" என்றார். சொல்லிவிட்டு வேலியைத் தாண்டி வந்து உட்கார்ந்து இரண்டு ஆள் சோற்றைத் தின்றார்.

நல்ல மனிதர். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு தன் மச்சானை அழைத்து வந்தார். ஒரு வருஷத்துக்குள் ஞாயிறு மதியமானால் என் முற்றத்தில் பன்னிரண்டு பேர். இங்கே தனித்தட்டு கிடையாது. எல்லோரும் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, மரக் கரண்டியால் அவரவர் முன்னால் இருக்கிற பங்கைத் தின்ன வேண்டும். எனக்கும் ஒரு பங்கு இருந்தது. சொந்த ஊரில் என் கதவைத் தட்டியவர் தபால்காரர் ஒருவர்தான்.

ஆகவே வெங்காயத்தை விட்டேன். தொத்திறைச்சியை விட்டேன். ஆரஞ்சு விறகைத் தவிர வேறெதையும் எரிக்கவில்லை. நத்தை பொறுக்கிக் கழுவிப் போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் முதல் வாய் பதீஸ்தேதான் வைப்பார். மற்றவர்கள் கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். அவர் கண்ணை மூடி மெல்ல மென்று, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்டதப் போட்ட சோறுதான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தப் பேர் ஊருக்குள் போய்விட்டது. ரொட்டிக் கடைப் பெண், "வாங்க கண்டதுச்சோறு, ரொட்டி எத்தனை?" என்று கேட்பாள். ஆகஸ்ட் திருவிழாவில் சமையல் போட்டி நடந்தது. ஒலிபெருக்கியில் பேர் வாசித்தவர் பதீஸ்தே. "பதினேழாவது அடுப்பு, நம்ம டோர்லைஃப். கண்டதப் போட்ட சோறு." சதுக்கமே சிரித்தது. எல்லோரையும் விட அதிக நேரம் சிரித்தவன் நான்தான்.

செப்டம்பரில் அவருடைய வேட்டை நாய் செத்தது. அதைப் பற்றி நேற்றே உங்களிடம் சொல்லிவிட்டேன். கறித் துண்டில் எலி மருந்து வைத்தேன். சாக ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் குழந்தையைப் போல அழுதார். சாயங்காலம் சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாய் செத்ததோடு என் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். அவர் சூப்பைக் குடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதிலயும் வெங்காயமா, கப்பலு?" என்று சிரித்தார்.

போன ஞாயிறு மற்றவர்களுக்கு முன்பே அவர் ஒரு கூடை அவரைக்காயோடு வந்தார். நான் பின்னால் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். அவர் முகத்தில் எதையோ ஒளித்துவைத்த மாதிரி ஒரு சிரிப்பு.

"என்னய்யா, இன்னிக்கும் அதே சோறுதானா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே, பிளந்த கட்டைகளை எனக்காகப் பொறுக்கக் குனிந்தார்.

முதல் அடி கோடாலியின் பின்பக்கத்தால். அப்போது நான் முழுசாக முடிவு செய்திருக்கவில்லை. அவர் முட்டி போட்டு விழுந்து, "டோர்லைஃப்" என்றார். தன்னை அடித்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. தூக்கிவிடச் சொல்லிக் கையை என்னிடமே நீட்டினார். அதற்குப் பிறகு கூர்ப்பக்கம். மூன்று தடவை என்று நான் நினைத்திருந்தேன். பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் ஒன்பது என்கிறார். அவர் எண்ணியிருக்கிறார், நான் எண்ணவில்லை. ஒன்பது என்றே இருக்கட்டும்.

கோணியைப் போட்டு மூடும்போது விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. ஆனால் முற்றத்தில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. கையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு கறியைப் பார்க்கப் போனேன். கறி வெந்து, அரிசி போட்டு, அது வேகும்வரைக்கும்கூட அவருக்கு உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. விறகு வெடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள்.

"இவரு எங்க?" என்றாள் அம்பாரோ.

"எலுமிச்சம்பழம் பறிக்கப் போயிருக்காரு. உட்காருங்க, சோறு ஆறிடும்."

அன்று முதல் வாய் அவள்தான் வைத்தாள். மென்றாள். என்னைப் பார்த்தாள். "டோர்லைஃப், இதான் பாயேயா" என்றாள். அவள் தம்பி எழுந்து நின்று, "இதான்யா பாயேயா" என்றான். ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். கைதட்டினார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

அடியில் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டி ஒரு சின்னத் தட்டில் வைத்து, துணியால் மூடினாள் அம்பாரோ. "அவருக்கு இதுன்னா உசுரு. எங்கதான் போய்த் தொலைஞ்சாரோ" என்று சொல்லிக்கொண்டே தட்டோடு பின்பக்கம் போனாள். எலுமிச்சை மரத்துக்குக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்குத் தெரியும். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் அலறியபோது இரும்புத் தட்டில் ஒரு பருக்கை இல்லை.

இன்று காலை இந்த போலீஸ் ஸ்டேஷனில் அவருடைய போனிலிருந்து ஒரு செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். சனிக்கிழமை எல்லோருக்கும் அவர் அனுப்பியது. "நாளையோட நம்ம கப்பலு வந்து ஆறு வருஷம். சோறு எப்படி இருந்தாலும் முதல் வாயில எல்லாரும் இதான் பாயேயான்னு சொல்லணும். நானும் சொல்லுவேன். எவனாவது சிரிச்சான்னா என்கிட்ட அடி வாங்குவான்."

அதை அவர் எழுதியதாகவே இருக்கட்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்தவன் நான். சொல்லிக்கொடுத்துச் சொன்ன முகங்கள் இல்லை அவை. அவர் அப்படி ஒரு செய்தி அனுப்பாமல் இருந்திருந்தாலும், அவர்கள் சொல்லியிருப்பார்கள்.