ரெண்டு பக்கமும் சங்கு

ஒரு நாட்டுல ஒரு ராஜாவாம். ராஜாவுக்குக் காசு அடிக்க ஒரு கம்மட்டமாம். அங்க வேலை பாத்தவனுக்கு ஒருநா மத்தியானம் சோறு தின்ன அசதியில கண்ணு சொருகிப் போச்சாம்... இப்பிடித்தான் தம்பி, எந்த வீட்டுக்குப் போனாலும் எங்க வீட்டுக்காரரு தொடங்குவாரு. முன்னப்பின்ன தெரியாத வீட்டுல போயி பழைய காசு இருக்கான்னு எடுத்த எடுப்புல கேட்டா கள்ளன்னு நெனச்சு கதவைச் சாத்திருவாங்கல்லா. அதனால முதல்ல ராஜா. ராஜாவைக் கேக்க ஆளு உக்காந்துட்டாங்கன்னா பிறகுதான் காசு.

மறக்கல, மறக்கல. அந்தக் காசு எங்கன்னுதான கேக்குதிய. அதுக்குத்தான் வாறேன். நாகர்கோயில்லேந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கிய, முகத்தப் பாத்தாலே தெரியுது. சாயாவைக் குடிங்க. மதுரம் கொறச்சுத்தான் போட்டேன்.

விஜய்குமாருங்குத பேரை இந்த வீட்டுல கேக்காத நாளு இல்ல. காசு வாங்கி விக்குத ஆளுன்னா நான் மனசுல வேற மாதிரி நெனச்சு வச்சிருந்தேன், மோதிரமும் தங்கச்சங்கிலியுமா. நீங்க நம்ம ஆளு மாதிரி இருக்கிய. உங்க கடையில ஒரு காசுக்க படம் காட்டினியளாமே, அதுலதான் இவரு விழுந்தது. இல்ல, குத்தம் சொல்லல. விழணும்னு இருந்தவரு. அன்னைக்கு அந்தப் படம் இல்லன்னா வேற ஒண்ணுல விழுந்திருப்பாரு.

அந்தக் கம்மட்டக்காரன் தூங்கிப் போனப்போ அடிச்ச காசு மேல்அச்சுலயே ஒட்டிக்கிட்டு நின்னுதாம். அவன் பாக்கல. அடுத்த தகட்டை வச்சு அடிச்சுட்டான். ராஜாவுக்க எழுத்து விழவேண்டிய எடத்துலயும் சங்குதான் விழுந்துது, ஆனா பள்ளமா. ஒரு பக்கம் சங்கு மேடு, திருப்பினா அதே சங்கு குழி. உங்களுக்கு நான் சொல்லணுமா. நீங்க சொல்லிக் குடுத்த பாடம்தான். கூட ராஜாவையும் தூக்கத்தையும் இவரு சேத்துக்கிட்டாரு.

இருபத்திநாலு வருஷம் தம்பி. சாலை பஜார்ல பாத்திரக்கடை வேலை. ஆறு நாளு அங்க நின்னு உருளியும் செம்பும் எடை போடுவாரு. ஞாயித்துக்கெழம காலம்ப ஆறு மணிக்குக் குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, அந்தத் தோள்பையும் மாட்டிக்கிட்டு எறங்கிருவாரு. கடையில பழைய பாத்திரம் மாத்த வாற பொம்பளைங்ககிட்டப் பேச்சுக் குடுத்து எந்த ஊரு, எந்த வீடுன்னு கேட்டு வச்சிருப்பாரு. நெய்யாற்றின்கரை, பாறசாலை, வெள்ளறடை. விழிஞ்ஞத்துல துறைமுகத்துக்குத் தோண்டுதப்போ பழைய காசு வந்துதுன்னு எவனோ சொல்லிட்டான். ஓடினாரு. அங்க ஒரு ஆளு இவருக்கு ரெண்டு துருப்பிடிச்ச வாஷரைப் பொட்டலமாக் கட்டிக் குடுத்து, வீட்டுல போயி பிரிச்சுப் பாருங்க அண்ணான்னு அனுப்பிருக்கான். வந்து பிரிச்சாரு. நான் சிரிச்சேன். ரெண்டு நாளு பேசல.

கல்லாத்துல ஆத்துக்குள்ள எறங்கி நின்னு ஒரு சாயாக்கடைக்காரனுக்கு ராஜா கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு. மலையில மழை பெய்ஞ்சது தெரியல. வெள்ளம் வந்து பையைக் கொண்டுபோயிட்டுது. அன்னைக்கு எங்க ரெம்யாவுக்குப் பதினாலாவது பிறந்தநாளு. கேக்கு வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், ஆளு வாறாரு, மடிச்சுக் கட்டின முண்டும் ஒத்தைச் செருப்புமா. அவ அதுக்குப் பிறகு பிறந்தநாளே வேண்டாம்னுட்டா. இப்போ பெங்களூர்ல வேலை. பதினாறாம் நாளு கழியட்டும்னு கூட இருந்துட்டு முந்தாநாள்தான் போனா.

கேளுங்க. அவருக்குன்னு ஒரு சூத்திரம் உண்டு. பழைய காசு பெட்டியில இருக்காது, அரிசிப்பானையில இருக்கும்னு சொல்லுவாரு. உள்ளதாக்கும். எங்க பக்கத்துல, பானையில முதமுதல்ல அரிசி போடுததுக்கு முன்னால அடியில ஒரு காசு போடுவோம். பானை ஒழியாதுன்னு ஒரு விசுவாசம். மாமியா போட்டத மருமக எடுக்க மாட்டா. அப்பிடியே கெடக்கும், அம்பது வருஷம், நூறு வருஷம். ஆம்பளைங்க யாரு அரிசிப்பானையில கை விடுதாங்க, ஆருக்கும் தெரியாது. அதனால இவரு எல்லா வீட்டுலயும் பொம்பளைங்ககிட்டத்தான் கேப்பாரு. அம்மா, உங்க பானையில கைவிட்டு அந்தக் காசைக் கொஞ்சம் காட்டுங்கம்மா, பாத்துட்டு அப்பவே தந்துருதேன்னு. அவ்வளவு தாழ்மையாக் கேப்பாரு. நான் கேட்டுருக்கேன்.

ஒரே ஒரு தடவைதான் கூடப் போனது. பதினோரு வருஷம் இருக்கும். வித்துராவுல தாசம்மாள்னு ஒரு அம்மா, எஸ்டேட்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. பழைய உருளி ஒண்ணு மாத்த வந்தவங்க இவருக்க கதையைக் கேட்டுட்டு, வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு கூப்பிட்டிருந்தாங்க. போனோம். மரச்சீனிக் கெழங்கு அவிச்சு, காந்தாரி மொளகு சதச்சு வச்சிருந்தாங்க. வாசல் நெறயப் பொம்பளைங்க. இவரு ஒரு சோப்புத் துண்டு கேட்டு வாங்கி, பையில கெடந்த சாதாரண சங்குக் காசை அதுல அழுத்தி எடுத்துக் காட்டினாரு. பாருங்க, இந்தக் குழி இருக்குல்லா, இது காசுலயே இருக்கும், வெரல வச்சா உள்ள எறங்கும். எல்லாரும் தொட்டுப் பாத்தாங்க. எனக்கும் அதுதான் முதல் தடவை. வீட்டுல எனக்கு ஒருநாளும் அதைக் காட்டினது இல்ல.

அப்போ தாசம்மாள் கேட்டாங்க, வேற ஒண்ணும் மனசுல வச்சில்ல, சிரிச்சுக்கிட்டுத்தான். ஊரு முழுக்க அடுத்தவ பானையைத் தடவுதிய, உங்க வீட்டுப் பானையில பாத்தியளா லிங்கம் அண்ணாச்சின்னு. இவரு என்னையப் பாத்தாரு. பாத்துட்டு அவங்ககிட்டச் சொன்னாரு: இவ பிறந்த வீட்டுல அரிசி இருந்தால்லா பானை, பானை இருந்தால்லா காசு.

எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல தமாசுதான், எனக்கே சிரிப்பு வந்துது. எங்கம்மை பொன்னம்மை பாறசாலையில அடுத்த வீடுகள்ல நெல்லு குத்திப் பிழைச்சவ. சீதனம்னு தந்தது ஒரு டிரங்குப்பெட்டி, ரெண்டு சேலை. அவரு சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. திரும்பி வாறப்போ பஸ்ஸுல ஜன்னல் பக்கம் எனக்குத் தந்தாரு. மரச்சீனி நல்லா இருந்துது என்னாரு. ஆமா என்னேன்.

பின்னே என்ன, பின்னயும் ஞாயித்துக்கெழமதான்.

இந்தக் கைய பாருங்க. போன மாசம் துணி தொவைக்குத அலக்குக்கல்லுல சறுக்கி விழுந்தேன். மணிக்கட்டு ஒடிஞ்சு பிளாஸ்டர். எனக்குச் சோறு வைக்க முடியல. முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா அவரு அடுக்களைக்குள்ள போனாரு. நான் கட்டில்ல கெடந்துக்கிட்டே சொல்லிக் குடுத்தேன், ரெண்டு உழக்கு அரிசி, மூணு தடவை கழுவணும்னு. மாசக் கடைசி. அரிசி அடியிலதான் கெடந்துது. உழக்கு வச்சு எடுக்க முடியாதுல்லா, கைவிட்டு வாரினாரு போல.

சத்தத்தையே காணும். அடுப்புல உலைவெள்ளம் பொங்கி ஊத்துது, எனக்கு இங்க கேக்குது. கூப்பிட்டுப் பாத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாரு. முழங்கை வரைக்கும் தவிடு. ஒரு கையில லென்சு, ஒரு கையில காசு. கட்டிலுக்க கால்மாட்டுல உக்காந்தாரு.

ஆமா தம்பி. இங்கதான் கெடந்துது. நான் கல்யாணம் முடிஞ்சு வண்டியில ஏறப்போறப்போ எங்கம்மை உள்ளங்கையில வச்சு அமுக்கினது. போன உடனே பானையில போடு, அது கெடந்தா பட்டினி வராதுன்னா. போட்டேன். மண்பானை போயி எவர்சில்வர் வந்துது, அது போயி பிளாஸ்டிக் டப்பா வந்துது. ஒவ்வொரு தடவையும் கழுவித் தொடச்சுக் காசை முதல்ல போட்டுட்டுத்தான் அரிசி.

அவரு கத்தல, துள்ளல. நீ எப்பமிருந்து இதைப் போட்டு வச்சிருக்கன்னாரு. வந்த அன்னைக்கேந்துன்னேன். இது என்னதுன்னு உனக்குத் தெரியாதுல்லான்னாரு. நான் தலைய ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன்னு அவரும் பாக்கல. பாவம்னு சொல்லி என் தலையத் தடவினாரு. பிறகுதான் உங்களுக்குப் போன் பண்ணினது. கிடைச்சாச்சு விஜய்குமாரே, கையில இருக்கு, நீ வந்து கண்ணால பாருன்னு. பத்து நாளு கழிச்சு வாறேன்னு சொன்னியளாம். ஆமா, உங்களுக்கும் ஜோலி இருக்கும்.

அதுக்குப் பிறகு ஒரு ஞாயித்துக்கெழம வந்துது. ஆறு மணிக்குக் குளிச்சாரு. சட்டை போட்டாரு. பையை மாட்டினாரு. கேட்டு வரைக்கும் போனாரு, நின்னாரு. அந்தப் பக்கம் பாக்காரு, இந்தப் பக்கம் பாக்காரு. திரும்பி வந்து அந்தா, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, இன்னைக்கு என்ன செய்யன்னு எங்கிட்டக் கேக்காரு. எனக்குச் சங்கடமாப் போச்சு. அப்பிடியே இருங்கன்னேன். உங்கம்மைக்கு இது எங்கேந்து வந்துதுன்னு கேட்டாரு. எங்கம்மையப் பத்தி அவரு ஒரு கேள்வி கேட்டு நான் அன்னைக்குத்தான் கேக்கேன். சொன்னேன். அவ எந்தெந்த வீட்டுல குத்தினா, காசுக்குப் பதிலா என்னெல்லாம் குடுத்தாங்க, மழைக்காலத்துல நாங்க என்ன தின்னோம், அவ எப்பிடிப் பாடுவா. வாயத் தொறந்தவ மத்தியானம் வரைக்கும் மூடல. எழும்பிப் போகாம இருந்து கேட்டாரு. நடுவுல ரெண்டு தடவை அப்பிடியான்னாரு.

செவ்வாய்க்கெழம காலம்ப பல்லு தேச்சுட்டு நின்னவரு அப்பிடியே மதிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் தரல.

அதான் வாறேன் தம்பி. காசு.

குளிப்பாட்டிக் கெடத்தியாச்சு. அவருக்க தம்பி செல்வகணேஷ் சத்தம் போடுதான், நெத்திக்கு ஒரு காசு எடுங்கன்னு. நெத்தியில சந்தனத்தை வச்சு ஒரு காசு ஒட்டுவோம்லா, உங்க பக்கமும் உண்டுமே. முற்றத்துல இருபது ஆம்பளைங்க நிக்காங்க, ஒருத்தன் பையிலயும் ஒரு காசு இல்ல. எல்லாருக்கும் எல்லாம் போன்லதான இப்போ. ஒருத்தன் பத்து ரூவா நோட்டை நீட்டுதான். இன்னொருத்தன் முக்குக் கடைக்கு ஓடப் போறான். ஊரு ஊராக் காசு தேடி நடந்த மனுஷனுக்கு நெத்தியில வைக்க ஒரு காசு இல்ல. நான் எழும்பி உள்ள போனேன். ஆணியில தொங்கின சட்டைப்பையில கெடந்துது. எடுத்துட்டு வந்து நானே ஒட்டினேன். குழிப்பக்கம் உள்ள. சந்தனம் நல்லாப் பிடிச்சுது.

ஆமா, அதேதான்.

தைக்காட்டுச் சுடுகாட்டுலதான் எரிச்சது. நான் போகல, எங்க கூட்டத்துல பொம்பளைங்க கேட்டு வரைக்கும்தான். தீக்கு வைக்க முன்னால நெத்திக்காசை எடுத்து அங்க வேலை பாக்குதவங்களுக்குக் குடுத்துரணும், அதுதான் முறை. யாரு கையில குடுத்தாங்கன்னு கேட்டா செல்வகணேசுக்குத் தெரியல. அழுதுக்கிட்டு நின்னிருக்கான். பதினெட்டு நாளு ஆச்சு.

இல்ல தம்பி, தலையில கை வைக்காதிய. விலையெல்லாம் எங்கிட்டச் சொல்ல வேண்டாம். பாவம், ஒண்ணும் தெரியாம செஞ்சுட்டாங்கன்னு நீங்களும் சொல்லுதிய பாருங்க.

எனக்குத் தெரியும். வித்துராவுல அந்தச் சோப்பைத் தொட்டப்பவே தெரியும். எந்தக் குழியில எந்த வெரலு எறங்கும்னு, கழுவிக் கழுவிப் போட்டவளுக்குத் தெரியாதா. தாசம்மாள் கேட்டதுக்குச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன், அதுக்குள்ள அவரு அந்தத் தமாசைச் சொல்லிட்டாரு. பிறகு பதினோரு வருஷம். ஒரு தடவை டப்பா கழுவுதப்போ அவரு தட்டுக்குப் பக்கத்துலயே வச்சேன். தட்டுக்கு எடம் வேணும்னு பேப்பரைத் தூக்கி அது மேல போட்டுட்டாரு. கேரளத்துல உள்ள அம்மைமாருகிட்ட எல்லாம் கேட்டாரே, எங்கிட்ட ஒருநா கேக்கட்டும், கையில எடுத்துக் குடுக்கலாம்னு இருந்துட்டேன்.

பழி வாங்கினதான்னா எனக்குச் சொல்லத் தெரியல. சொந்தக்காரங்க எல்லாரும் சுத்தி நிக்காங்க. எங்கம்மை தந்த காசு அவரு நெத்தியில இருக்கு. அவரு தேடினதும் அதுதான். எனக்கு அது போதும்னு பட்டுது.

எறங்கியாச்சா. சாயா அப்பிடியே இருக்கு. முக்குல ஆட்டோ நிக்கும், தைக்காடுன்னு சொன்னாப் போதும், பத்து நிமிஷம். பாத்துப் போங்க, அந்த மூணாவது படி எளகிக் கெடக்கு.

தம்பி, அது உங்க செருப்பு இல்ல, அவருக்கு உள்ளதாக்கும்.

இருக்கட்டும், இருக்கட்டும். போட்டுக்கிட்டே போங்க.