டிவியில் தெரிந்த கருப்புப் புள்ளி

எழுதலாமா என்று ஆறு வருஷம் தயங்கி, சாமிமேல் பாரம் போட்டு இதை எழுதுகிறேன். வில்லியனூர் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போகும் புருஷனும் பெண்சாதியும் பேசினார்கள்.

“போன தடவ வாய் வழியா வயித்துக்குள்ள டியூப் உட்டுப் பாத்தப்போ டிவில கருப்பா தெரிஞ்ச புள்ளி, என் வயித்துலயா, டியூப்லயா?” என்று கேட்டாள் அவள்.

“டியூப் உள்ள முடியாட்டம் ஆயிரக்கணக்குல கண்ணாடி நூலு கீதாம். ஒவ்வொண்ணும் ஒரு பொட்டு வெளிச்சம் கொண்டாந்தாதான் படமாம். ஒரு நூலு அறுந்தா அந்த எடம் கருப்பாயிடுமாம். நர்சம்மா சொன்னாங்க.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“டியூப் நவுந்தாலும் புள்ளி டிவில அதே எடத்துல நின்னா டியூப் கோளாறு. நவுந்துச்சின்னா வயித்துல.”

“நின்னுச்சா, நவுந்துச்சாயா?”

“பாக்கல. கண்ண மூடி அம்மன வேண்டிக்கினு இருந்தேன்.”



“இன்னிக்குக் கண்ணத் தொறந்துகினே வேண்டிக்கோயா.”

கேட்டது இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.