சிரிக்காம சொல்லுங்க, சிவமலர்

— பாருங்க, மறுபடியும் சிரிக்கிறீங்க. நாளைக்கு அகதி விசாரணையில அந்த ஜட்ஜ் அம்மா முன்னாடி இப்படிச் சிரிச்சா கேஸ் போச்சு, சிவமலர்.

— நான் என்ன செய்யிறது சரளா அக்கா? மாடு சீலையைச் சப்பினதைச் சொல்லேக்க சிரிப்பு வருகுதே.

— வக்கீல் இன்னைக்குக் காலையிலதான் என்னைக் கூப்பிட்டார். உங்க பேப்பர் ஒண்ணும் நான் படிக்கலை. நாளைக்கு நீங்க சொல்றத நான் பிரெஞ்சுல சொல்லணும். முதல்லேருந்து வாங்க. யாழ்ப்பாணத்தை விட்டு ஏன் சுலபமா வெளியே வர முடியலை?

— சுத்திவரக் கடல், அக்கா. தரையால போற பெரும் பாதை ஆனையிறவு. தொண்ணூறில சண்டையோட அதை அடைச்சாச்சு. கரண்டும் போச்சு. பெற்றோல், பற்றரி, சவுக்காரம் எண்டு ஒண்டும் ஆமிக்காரர் உள்ளுக்கு வரவிடமாட்டினம். நாலு வருசமாச்சு, இன்னும் அப்பிடித்தான்.

— பிரமாதம். இதே மாதிரி சொல்லுங்க. சோப்பு இல்லாம துணி எப்படித் துவைச்சீங்க?

— பனம்பழத்தில. பிழிஞ்சு தோய்ச்சா ஊத்தை போகும். ஆனா வாசம் போகாதே. கொடியில காயப்போட்டா ஊர் மாடெல்லாம் வந்து நிக்கும். என்ர கலியாணச் சீலையின்ர முந்தானையை ஒரு சிவத்தப் பசு…

— பல்லு தெரியுது.

— இல்லை அக்கா, மூடிட்டன்.

— சிரிப்பு வந்தா எங்க வீட்டுக்காரர் முகத்தை நினைச்சுக்குங்க. முப்பது வருஷமா புரொபசர். சிரிப்பே வராது.

— ஐயோ, அவரை நினைச்சா இன்னும் வரும். இப்ப உங்களைக் காரில கொண்டுவந்து விடேக்க வாசல் பனியில வழுக்கி விழுந்தவரெல்லே? எழும்பாமலே எனக்கு 'பொன்ஜூர்' எண்டவர்.

— சரி, அவர் வேண்டாம். மோட்டார் சைக்கிள் எப்படி ஓடிச்சு?

— மருந்துக் குப்பியில நாலு சொட்டுப் பெற்றோல் வைச்சிருப்பம். அதை விட்டு உதைச்சா ஸ்டார்ட் வரும். பேந்து மண்ணெண்ணெயில ஓடும். என்ர மனுசன் கிருபானந்தன் அந்தப் புகைக்குள்ளால வரேக்க பல்லு மட்டுந்தான் தெரியும்.

— ரேடியோ?

— சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதியைக் கையால சுத்தினா டைனமோவில பாடும். இவர் செய்தி கேட்பார், நான் சுத்தோணும். கோவம் வந்தா விட்டிடுவன். செய்தி பாதியில நிண்டுபோம்.

— இவ்வளவு கஷ்டத்தையும் கல்யாண வீட்டுக் கதை மாதிரி சொன்னா யாரு நம்புவா? நம்பலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு. ஜெயிச்சா உங்க வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கலாம். ஒரு சொட்டுக் கண்ணீராவது விடுங்க.

— வருகுதில்லை அக்கா. வெங்காயம் கொண்டு போகட்டே?

— விளையாடாதீங்க. இதுதான் முக்கியமான கேள்வி. எப்படி வெளியே வந்தீங்க?

— கிளாலிக் கரையில வள்ளம் ஏறி, போன வருசம். இருட்டினாப் பிறகுதான் விடுவினம். பதினைஞ்சு பேர். நடுக்கடலில தூரத்தில நேவிக்காரற்ற வெளிச்சம் அடிச்சுது. எல்லாரும் குனிஞ்சு மூச்சுக் காட்டாமல் இருந்தம். ஒரு அலை வந்து எங்களைத் தெப்பமா நனைச்சுது. இவர் என்ர காதுக்குள்ள, "மலர், குளிப்பு முடிஞ்சுது, சவுக்காரத்தை எடும்" எண்டார். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. சத்தம் கேட்டிடுமெண்டு இவர் என்ர வாயைப் பொத்தினவர்.

— நல்ல மனுஷன். அப்புறம்?

— பேந்து துவக்குச் சூடு விழுந்தது.

— சிவமலர்…

— கரைக்கு வந்தாப் பிறகுதான் இவருக்கு உயிரில்லையெண்டு எனக்குத் தெரியும் அக்கா. அதுவரைக்கும் அவற்ற கை என்ர வாயிலதான் இருந்தது. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கொண்டே வந்திருக்கிறன்.

— இருங்கம்மா, கண்ணாடியத் துடைச்சுக்கறேன்.

— என்ன அக்கா, எழுதாமல் இருக்கிறியள்? நாளைக்கு இதைச் சொல்லேக்கையும் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் வரும். என்ன செய்ய?

— வரட்டும்மா. நீங்க சிரிச்சே சொல்லுங்க. அழறத நான் பாத்துக்கறேன்.