கீழ்வீட்டு ஜன்னல்

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பதை முழு மனதோடு ஏற்றுக்கொள்பவன் நான், சார். சுவர் வீட்டுக்காரருடையது, ரசனைதான் நம்முடையது. சுகிர்தம் டீச்சர் வீட்டின் மேல்மாடியில் குடியிருந்த காலம் முழுவதும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழில் எழுத ஆள் வைத்ததற்கும் நன்றி.

நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். அடுப்புப் புகை குடித்துக் கறுத்த சுவருக்குள் வளர்ந்தவனுக்கு வெள்ளைச் சுவரின் அருமை தெரியும். அட்டனில் வேலை கிடைத்து, இந்த மேல்வீடும் கிடைத்ததும், முழுக்க வெள்ளை பூசினேன். பிரம்பு நாற்காலி போட்டேன். பழைய கொழுந்துக் கூடை ஒன்றைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு உள்ளே பல்பு வைத்தேன். முகநூலில் என் ‘மூடுபனி வீடு’ பக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கூடையை எங்கே வாங்கலாம் என்று கொழும்பிலிருந்து கேட்காதவர்கள் இல்லை.

டீச்சர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார்.

“இது என்ன தம்பி?”

“வெளக்கு, டீச்சர்.”

“எங்கம்மா டயகம தோட்டத்துல முதுகுல சொமந்ததத் தலைகீழாத் தொங்கவிட்டு வெளக்குங்கிறீங்க. அவங்க பாத்திருந்தா, ஐயோ கொழுந்தெல்லாம் கொட்டிருச்சேன்னு பதறியிருப்பாங்க.”

நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

புகைதான் பிரச்சினை. டீச்சர் கீழறைக் கணப்பில் தேயிலைக் கட்டை எரிப்பார். அந்தப் புகைபோக்கி என் வரவேற்பறைச் சுவருக்குள்ளே மேலேறுகிறது. வெள்ளைச் சுவரில் மெல்லப் பழுப்பு ஏறியது. கூரையில் ஏறி, புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடி, மேலே ஒரு பூத்தொட்டியை வைத்தேன். ரோட்டிலிருந்து பார்க்க நன்றாக இருந்தது.

“புகையெல்லாம் ரூமுக்குள்ளயே திரும்புது தம்பி. காக்கா கூடு கட்டிருச்சோ என்னமோ,” என்றார் டீச்சர்.

“இருக்கும் டீச்சர்,” என்றேன்.

ஆனால் குளிர் காலத்தில் வயதானவரை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மிஞ்சிய பெயிண்ட் டின் ஒன்றில் துளை போட்டு, சுற்றிலும் கொடிப்பூ வரைந்து, தணல் சட்டியாக்கிப் பரிசளித்தேன். கட்டையைக் கொல்லையில் எரித்து, புகை அடங்கியதும் தணலை மட்டும் அள்ளி உள்ளே வைத்துக்கொள்ளலாம். “ஜன்னலக் கொஞ்சம் தொறந்தே வச்சிருங்க டீச்சர். மூடின ரூமுல தணல் இருந்தா ஆளையே முடிச்சிரும்,” என்றும் சொல்லிக் கொடுத்தேன். தெரியாமல் நடந்தது என்று எனக்காகப் பரிதாபப்படாதீர்கள். தெரியும்.

பிறகு ஒரு காலையில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“எம்மக ஷாமிலா புள்ளைங்களோட இங்கயே வந்துர்றேங்கிறா. சித்திரைக்குள்ள மேல்வீட்ட விட்டுக் குடுங்க தம்பி.”

“இவ்வளவு செஞ்சு வச்சிருக்கேனே டீச்சர்.”

“யாரு செய்யச் சொன்னா? வெள்ளை வெள்ளைன்னு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு. அவ வந்தா மொதல்ல கலர் அடிக்கணும்.”

அதற்காகக் கோபப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. மகள் தாயிடம் வருவது நியாயம்தான். இவ்வளவு நல்ல வீட்டை விட்டுப் போவதற்கு முன் நல்ல படம் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை மாலை மூடுபனி சரியாக இறங்கியிருந்தது. முற்றத்தில் நின்று பார்த்தேன். எல்லா ஜன்னலும் ஒரே வரிசையில் அடைத்திருக்க, கீழறைப் பலகை ஜன்னல் மட்டும் ஒரு சாண் திறந்து கிடந்தது. உள்ளே தணல் சட்டி கனன்றுகொண்டிருக்க, நான் சொன்னபடியே திறந்து வைத்திருந்தார். டீச்சர் குளிர் தாங்காமல் தானே ஜன்னலை அடைத்துக்கொண்டார் என்று உங்கள் மரண விசாரணை அறிக்கையில் இருக்கிறதாமே. அது அவருக்குச் செய்யும் அநியாயம், சார். சொன்னதைக் கேட்கிறவர் அவர். வெளியிலிருந்து பலகையைத் தள்ளி, திறந்துகொள்ளாமலிருக்க அடியில் ஆப்பு வைத்தது நான்.

“யாரு, தம்பியா? தொறந்தே இருக்கட்டும்ப்பா. சளி வேற, எந்திரிக்க முடியல,” என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“படம் எடுத்துட்டுத் தொறந்து விடுறேன் டீச்சர்.”

திறந்துவிடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள், ஆனால் மறக்கவில்லை. படம் எடுத்த பிறகும் வீடு அப்படியே அழகாக இருந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

அங்கேயே நின்று படத்தை என் முகநூல் பக்கத்தில் ஏற்றினேன். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். இவ்வளவு அமைதியான வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். ‘நான் மட்டும்தான்’ என்று பதில் போட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் டீச்சர் இருமிக்கொண்டிருந்தார். ஆகவே அந்தப் பதில் பொய்தான், சார். அதை ஒப்புக்கொள்கிறேன்.